வைஃபை பாஸ்வேர்டு யார் யார்கிட்ட இருக்கு? வீட்டு நெட்வொர்க்கை ஒழுங்கா பூட்டுறது எப்படி

எங்க வீட்டுல ஒரு ரெண்டு மாசமா ராத்திரி ஒன்பது மணி ஆச்சுன்னா நெட் இழுவையா இழுக்கும், வீடியோ கால்ல பேசுறவங்க மூஞ்சி அப்படியே உறைஞ்சு நிக்கும், ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பத்து நிமிஷம் நல்லா ஓடும், அப்புறம் பழையபடி. லைன்ல தான் கோளாறுன்னு நினைச்சுட்டு இருந்தேன். ஒரு நாள் பொறுமையா உட்கார்ந்து ரவுட்டர் பக்கத்தை திறந்து எத்தனை டிவைஸ் கனெக்ட் ஆகியிருக்குன்னு பார்த்தா 17. வீட்டுல இருக்கற போன், லேப்டாப், டிவி, பிரிண்டர் எல்லாத்தையும் விரல் விட்டு எண்ணினா 9 தான் வருது. மீதி எட்டு யாரோடது?

யாரும் ஹேக் பண்ணல. மாடியில குடியிருக்கறவங்களுக்கு ஒரு வாரம் லைன் வரல, பிள்ளைக்கு ஆன்லைன் பரீட்சைன்னு அக்கா வந்து கேட்டாங்க, நான் தான் பாஸ்வேர்டு சொன்னேன். அந்தத் தம்பி போன்ல அது சேவ் ஆச்சு, அவன் போன்ல இருந்து கியூஆர் கோடை காட்டி அவன் ஃப்ரெண்டு ஸ்கேன் பண்ணான், அவன்கிட்ட இருந்து இன்னொருத்தன். ஆண்ட்ராய்டு 10ல இருந்து இது ரொம்ப சுலபம், வைஃபை பேரைத் தொட்டு ஷேர்னு அழுத்தினா கோடு வந்துடும், அந்தக் கோடுக்குள்ள பாஸ்வேர்டு அப்படியே எழுத்து எழுத்தா இருக்கு. யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது, கேட்டாங்க கொடுத்தேன். ஆனா அன்னைக்கு எனக்கு ஒண்ணு நல்லா உறைச்சுது. பூட்டை உடைச்சு வர்றவனைப் பத்தியே எல்லாரும் பேசுறாங்க, நான் பார்த்த வரைக்கும் வீடுகள்ல வெளியாள் உள்ள வர்றது நாமளே கொடுத்த சாவியால தான். அதனால இந்த கைடுல ரெண்டுக்கும் வழி சொல்றேன், உடைக்கறவனுக்கும் பூட்டு, கொடுத்த சாவிக்கும் ஒரு கணக்கு.

ஸ்பீடு குறையறது இதுல சின்ன விஷயம்ங்க. உங்க வைஃபைக்குள்ள ஒருத்தர் வந்துட்டா அவர் உங்க வீட்டு நெட்வொர்க்குக்குள்ள இருக்கார்னு அர்த்தம். லேப்டாப்ல நீங்க ஷேர் பண்ணி வச்ச ஃபோல்டர், பிரிண்டர், டிவி, சிசிடிவி கேமரா எல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியும், ரவுட்டரோட லாகின் பக்கமும் அவருக்குத் திறக்கும். அதோட, உங்க லைன்ல அவர் என்ன பண்ணாலும் வெளியில இருந்து பார்க்கறவங்களுக்கு அது உங்க கனெக்‌ஷன்ல இருந்து போன மாதிரி தான் தெரியும். யாரையாவது மிரட்டி மெயில் அனுப்பினா முதல்ல உங்க வீட்டுக் கதவைத் தான் தட்டுவாங்க.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, வீட்டுல யாரும் மீட்டிங்ல இல்லாத நேரமா பாருங்க. முடிஞ்சா லேப்டாப்பை லேன் கேபிள்ல ரவுட்டரோட சொருகிக்கோங்க, ஏன்னா வைஃபைல இருந்துகிட்டே வைஃபை பாஸ்வேர்டை மாத்தினா அடுத்த நொடி நீங்களே வெளிய விழுந்துடுவீங்க, செட்டிங் சேவ் ஆச்சா இல்லையான்னு தெரியாம முழிக்கணும்.

முதல்ல ரவுட்டர் பக்கத்தை திறக்கணும். அதோட முகவரி பெரும்பாலும் 192.168.0.1 இல்லன்னா 192.168.1.1 ஆ இருக்கும், ரவுட்டருக்கு அடியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்லயே போட்டிருக்கும். ஸ்டிக்கர் அழிஞ்சு போச்சுன்னா ஆண்ட்ராய்டு போன்ல வைஃபை பேருக்கு பக்கத்துல இருக்கற பல்சக்கரத்தைத் தொட்டு கேட்வேன்னு எங்க இருக்குன்னு பாருங்க, ஐபோன்ல வைஃபை பேருக்கு பக்கத்துல இருக்கற ஐ பட்டனை அழுத்தினா ரவுட்டர்னு ஒரு வரி இருக்கும், விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்ட்ல ஐபிகான்ஃபிக்னு அடிச்சா டீஃபால்ட் கேட்வேன்னு காட்டும். அந்த நம்பரை பிரவுசர்ல மேல முகவரி போடுற இடத்துல தான் அடிக்கணும், தேடுற கட்டத்துல போட்டா வேற ஏதேதோ சைட்டு வரும், அதுல எதையும் திறக்காதீங்க.

உள்ள போனதும் எதையும் மாத்துறதுக்கு முன்னாடி எல்லா பக்கத்தையும் போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. குறிப்பா இன்டர்நெட் இல்லன்னா வேன் (WAN)னு இருக்கற பக்கம், சில கனெக்‌ஷன்ல நெட் கம்பெனி கொடுத்த யூசர்நேம் அங்க இருக்கும். லாகின் பாஸ்வேர்டு மறந்து போச்சுன்னு சொல்லி பின்னாடி இருக்கற குட்டி ஓட்டைல ஊசியை விட்டு ரீசெட் பண்ணிடாதீங்க. ரீசெட் பண்ணா அந்த யூசர்நேமும் சேர்ந்து போயிடும், ஃபைபர் பாக்ஸா இருந்தா ஆள் வந்து திரும்ப செட் பண்ற வரைக்கும் நெட்டே வராது. முதல்ல நெட் கம்பெனிக்கு போன் போட்டு அந்த விவரத்தைக் கேட்டு எழுதி வச்சுட்டு அப்புறம் ரீசெட்டுக்குப் போங்க.

இப்போ நிறைய பேர் குழப்பிக்கற இடம். ரவுட்டருக்கு ரெண்டு பாஸ்வேர்டு இருக்கு. ஒண்ணு வைஃபைல சேர்றதுக்கு, நாம தினமும் அடுத்தவங்களுக்குச் சொல்றது. இன்னொண்ணு ரவுட்டர் செட்டிங்ஸை திறக்கறதுக்கு, அது பல வீட்டுல பாக்ஸ் வந்த அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கும், யூசர்நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். முதல்ல மாத்த வேண்டியது இந்த ரெண்டாவதைத் தான். வைஃபை பாஸ்வேர்டு எவ்வளவு கஷ்டமா வச்சாலும், உள்ள வந்த ஒருத்தர் அட்மின் அட்மின்னு அடிச்சு செட்டிங்ஸுக்குள்ள போயிட்டா புதுசா என்ன பாஸ்வேர்டு வச்சாலும் அவருக்குத் தெரிஞ்சுடும். 2016ல மிராய்னு ஒரு மால்வேர், அதாவது கெடுதல் பண்ற சாஃப்ட்வேர், உலகம் பூரா லட்சக்கணக்கான கேமராவையும் ரவுட்டரையும் பிடிச்சுது, அதுகிட்ட பெரிய வித்தை எல்லாம் இல்ல, கம்பெனி வச்சு அனுப்புற டீஃபால்ட் யூசர்நேம் பாஸ்வேர்டு ஒரு அறுபது ஜோடியை பட்டியலா வச்சுகிட்டு ஒவ்வொரு டிவைஸ்லயும் வரிசையா போட்டுப் பார்த்துச்சு, அவ்வளவு தான். நீங்க அட்மின் பாஸ்வேர்டை மாத்திட்டீங்கன்னாலே அந்த பட்டியல்ல இருந்து வெளிய வந்துட்டீங்க. வைஃபை பாஸ்வேர்டையே இதுக்கும் வைக்காதீங்க, ரெண்டும் வேற வேறயா இருக்கணும். மறந்துடும்னு பயமா இருந்தா ஒரு பேப்பர்ல எழுதி பீரோவுல வைங்க, பேப்பர்ல எழுதக் கூடாதுன்னு சொல்றது ஆபீஸ் மேசைக்கு, வீட்டு பீரோவுக்கு இல்ல.

அதே இடத்துல ரிமோட் மேனேஜ்மென்ட்னு ஒண்ணு இருக்கும், வெளியில எங்க இருந்து வேணாலும் ரவுட்டர் செட்டிங்ஸை திறக்க விடுற வசதி. அதை ஆஃப் பண்ணிடுங்க. வெளியூர்ல இருந்து நம்ம ரவுட்டரை நோண்டுற வேலை நம்மள்ல யாருக்கும் வராது.

அடுத்தது பட்டியல். கனெக்டட் டிவைசஸ், கிளையன்ட் லிஸ்ட், டிஹெச்சிபி லிஸ்ட்னு ரவுட்டருக்கு ரவுட்டர் ஒரு பேர்ல இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரும் மேக் அட்ரஸ்னு எண்ணும் இங்கிலீஷ் எழுத்தும் கலந்த பன்னிரண்டு இலக்க அடையாளமும் இருக்கும். பேர் சில நேரம் போன் மாடலோட தெளிவா இருக்கும், சில நேரம் அன்நோன்னு மொட்டையா இருக்கும். மேக் அட்ரஸோட முதல் ஆறு இலக்கம் எந்தக் கம்பெனி சிப்புன்னு சொல்லும், அதை நெட்ல தேடினா தெரியும், ஆனா இப்போ ஒரு சிக்கல் இருக்கு. ஆண்ட்ராய்டு 10க்கும் ஐஓஎஸ் 14க்கும் அப்புறம் வந்த போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய்யான மேக் அட்ரஸைக் காட்டும், நம்மளை யாரும் பின்தொடரக் கூடாதுன்னு செஞ்ச நல்ல ஏற்பாடு தான். அது பொய்யானதுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, ரெண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ இந்த நாலுல ஒண்ணா இருந்தா அது போன் தானா உருவாக்கினது. அதை கம்பெனி பேர் வச்சு தேடி பிரயோஜனம் இல்ல.

அதனால நான் செஞ்ச மாதிரி செய்யுங்க. பட்டியலைத் திறந்து வச்சுகிட்டு வீட்டுல ஒரு போனோட வைஃபையை ஆஃப் பண்ணுங்க, ஒரு நிமிஷம் விட்டு பக்கத்தை ரீஃப்ரெஷ் பண்ணுங்க, எது காணாம போச்சோ அது அந்த போன். சில ரவுட்டர் போன டிவைஸையும் கொஞ்ச நேரம் பட்டியல்ல வச்சிருக்கும், அப்போ ஆக்டிவ், ஆன்லைன்னு பக்கத்துல போட்டிருக்கறதைப் பாருங்க. பேரை மாத்துற வசதி இருந்தா அப்பா போன், பாப்பா டேப், ஹால் டிவின்னு அங்கேயே பேர் வச்சுடுங்க. எங்க வீட்டுல இது முடிய இருபது நிமிஷம் ஆச்சு, அதுல ரெண்டு என்னன்னே தெரியல, கடைசில பார்த்தா ஒண்ணு எடை பார்க்கற மெஷின், இன்னொண்ணு அலமாரிக்குள்ள சார்ஜ்ல கிடந்த பழைய டேப்லெட். அதனால தெரியாத பேர் ஒண்ணு இருந்த உடனே பக்கத்து வீட்டுக்காரரோட சண்டைக்குப் போயிடாதீங்க, வீட்டுல இருக்கற எல்லா பிளக்கையும் ஒரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

சில பேர் தெரியாத டிவைஸை அந்தப் பட்டியல்லயே பிளாக் பண்ணிட்டு விட்டுடுவாங்க. அது ஒரு நாள் தாங்கும். அந்தப் பொய் அட்ரஸை மாத்திக்கிட்டா போன் புது டிவைஸ் மாதிரி திரும்ப வந்துடும். மேக் ஃபில்டர்னு சொல்லி வீட்டு டிவைஸை மட்டும் அனுமதிக்கற பட்டியல் போடுறதும் இதே கதை தான், காத்துல போற சிக்னல்ல மேக் அட்ரஸ் யாருக்கும் தெரியற மாதிரி தான் போகுது, அதைக் காப்பி அடிக்கறது சுலபம், ஆனா புது போன் வாங்குற ஒவ்வொரு தடவையும் நீங்க தான் அவஸ்தைப்படணும். அந்த நேரத்தை பாஸ்வேர்டுல செலவு பண்ணுங்க.

பாஸ்வேர்டுக்கு முன்னாடி செக்யூரிட்டி மோடு. வயர்லெஸ் செக்யூரிட்டின்னு இருக்கற இடத்துல ஒரு பட்டியல் விழும், டபிள்யூஈபி, டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3. டபிள்யூஈபி 1997ல வந்தது, 2001லயே அதுல ஓட்டைன்னு நிரூபிச்சுட்டாங்க, 2007ல ஒரு நிமிஷத்துக்குள்ள உடைச்சுக் காட்டினாங்க. உங்க ரவுட்டர்ல இன்னும் அது தான் ஓடுதுன்னா பாஸ்வேர்டு என்னவா இருந்தாலும் கதவு திறந்து தான் கிடக்கு. டபிள்யூபிஏ2 2004ல வந்தது, அதுல ஏஇஎஸ்னு இருக்கறதைத் தான் எடுக்கணும், டிகேஐபின்னு இருக்கறதை எடுத்தா பாதுகாப்பும் கம்மி, ஸ்பீடும் 54 எம்பிபிஎஸுக்கு மேல போகாது, நல்ல பிளான் போட்டும் நெட் ஏன் மந்தமா இருக்குன்னு தெரியாம இருக்கற சில வீட்டுல காரணம் இது தான். 2018ல வந்த டபிள்யூபிஏ3 இருந்தா அதையே போடுங்க. பழைய டிவைஸ் எதுவும் கனெக்ட் ஆகலன்னா டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 ரெண்டும் கலந்த மோடு ஒண்ணு இருக்கும், அதுல வைங்க.

இப்போ பாஸ்வேர்டு. 8 எழுத்துல இருந்து 63 எழுத்து வரைக்கும் வைக்கலாம். தாக்குறவன் என்ன பண்ணுவான்னு தெரிஞ்சா எப்படி வைக்கணும்னு தானா புரியும். அவன் உங்க வாசல்ல நின்னு ஒவ்வொரு பாஸ்வேர்டா போட்டுப் பார்க்க மாட்டான். டபிள்யூபிஏ2ல உங்க போன் ரவுட்டரோட சேரும்போது ரெண்டும் நாலு தடவை பேசிக்கும், ஹேண்ட்ஷேக்னு சொல்லுவாங்க. அந்தப் பேச்சை ஒரு தடவை காத்துல இருந்து பிடிச்சுட்டுப் போயிட்டா போதும், மீதி எல்லாம் அவன் வீட்டுல கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து செய்யுற வேலை, உங்களுக்கு ஒரு சத்தமும் கேட்காது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு செகண்டுக்கு சுமார் பத்து லட்சம் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கும். நம்ம ஆளுங்க நிறைய பேர் போன் நம்பரைத் தான் வைஃபைக்கு வைப்பாங்க, பத்து இலக்கம், மொத்தம் எத்தனை விதம்னு பார்த்தா 1000 கோடி. பெருசா தெரியுதுல்ல? செகண்டுக்கு பத்து லட்சம்னு வகுத்துப் பாருங்க, பத்தாயிரம் செகண்டு, மூணு மணி நேரம் கூட இல்ல. பிறந்த தேதி எல்லாம் கண் இமைக்கற நேரம். டபிள்யூபிஏ3ல இந்த மாதிரி பிடிச்சுட்டுப் போய் வீட்டுல உடைக்கற வேலை நடக்காது, அதுக்காகவே அதை மேல சொன்னேன், ஆனா கலந்த மோடுல வச்சிருந்தா பழைய டிவைஸுக்காக டபிள்யூபிஏ2 கதவும் திறந்திருக்கும்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

நல்ல பாஸ்வேர்டுன்னா குறிகளும் எண்களுமா வாயில நுழையாததா இருக்கணும்னு இல்ல. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலஞ்சு வார்த்தையை வரிசையா எழுதினா போதும். 7,776 வார்த்தை இருக்கற ஒரு பட்டியல்ல இருந்து தாயக்கட்டை உருட்டுற மாதிரி குருட்டாம்போக்குல நாலு எடுத்தா, அதே கிராஃபிக்ஸ் கார்டுக்கு எல்லாத்தையும் போட்டுப் பார்க்க நூறு வருஷத்துக்கு மேல ஆகும், அஞ்சு எடுத்தா அந்தப் பேச்சே வேண்டாம். நமக்கு தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கறது கை வந்த கலை, அதை இங்க பயன்படுத்தலாம். கொக்கு, வயல், நரி, முரசு, பட்டம்னு ஒரு அஞ்சு வார்த்தை, இடைவெளி இல்லாம. இதையே அப்படியே வச்சுடாதீங்க, இது எல்லாரும் படிச்சாச்சு. கண்ணை மூடி ஒரு புத்தகத்தைத் திறந்து விரல் பட்ட வார்த்தையை எடுங்க, நீங்களா யோசிச்சா பிள்ளை பேரு, சாமி பேரு, பிடிச்ச நடிகர் பேருன்னு தான் மனசு போகும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, ழ, ள, ண வர்ற வார்த்தையை எடுக்காதீங்க. எங்க வீட்டுல முதல்ல மழைன்னு ஒரு வார்த்தை வச்சிருந்தேன், அம்மா ஒரு மாதிரி அடிக்கறாங்க, தங்கச்சி வேற மாதிரி அடிக்கறா, ரெண்டு பேருக்கும் கனெக்ட் ஆகல, நான் மூணாவது மாதிரி வச்சிருக்கேன். எப்படி அடிச்சாலும் ஒரே மாதிரி வர்ற வார்த்தையா பாருங்க, எல்லாம் சின்ன எழுத்துலயே வைங்க, டிவி ரிமோட்டை வச்சு ஒவ்வொரு எழுத்தா நகர்த்தி அடிக்கும்போது அதோட அருமை தெரியும்.

வைஃபை பேரும் மாத்துங்க. டீஃபால்ட் பேர் பல ரவுட்டர்ல கம்பெனி, மாடல் வரைக்கும் காட்டிக் கொடுக்கும், சில மாடல்ல பாக்ஸோட வர்ற பாஸ்வேர்டையே சீரியல் நம்பர்ல இருந்தும் மேக் அட்ரஸ்ல இருந்தும் கணக்கு போட்டு எடுத்துடலாம். உங்க பேர், வீட்டு நம்பர் எதுவும் வைஃபை பேர்ல வேண்டாம். பேரை மறைச்சு வைக்கற ஹைட் ஆப்ஷனை நான் சொல்ல மாட்டேன், மறைச்சாலும் தேடுறவனுக்கு தெரியும், அதுக்கும் மேல உங்க போன் போற இடமெல்லாம் அந்த மறைஞ்ச பேரை கூப்பிட்டுகிட்டே போகும்.

டபிள்யூபிஎஸ்னு ஒரு பட்டன் ரவுட்டர் பின்னாடி இருக்கும், பாஸ்வேர்டு அடிக்காம கனெக்ட் பண்ற வசதி. அதுல எட்டு இலக்க பின் நம்பர் முறையும் சேர்ந்தே வரும், ஆபத்து அங்க தான். எட்டு இலக்கம்னா பத்து கோடி விதம்னு நினைப்போம், ஆனா ரவுட்டர் முதல் நாலு சரியான்னு தனியா சொல்லிடும், அடுத்த நாலுல கடைசி இலக்கம் மத்த ஏழையும் வச்சு கணக்கு பண்ணி வர்றது, அதனால 10,000 கூட்டல் 1,000, மொத்தம் 11,000 முயற்சி தான். 2011 டிசம்பர்ல இதை வெளிய சொன்னாங்க, சில மணி நேர வேலை. நீங்க அஞ்சு வார்த்தை பாஸ்வேர்டு வச்சாலும் இந்தப் பக்கவாசல் வழியா அந்த பாஸ்வேர்டே அவனுக்குக் கிடைச்சுடும். செட்டிங்ஸ்ல தேடி ஆஃப் பண்ணுங்க.

இனி இந்த கைடுல எனக்கு ரொம்ப முக்கியமா படுற விஷயம், கெஸ்ட் நெட்வொர்க். இப்போ வர்ற ரவுட்டர்ல பெரும்பாலும் இருக்கு, ஆன் பண்ணா வேற பேர்ல, வேற பாஸ்வேர்டோட ரெண்டாவது வைஃபை ஒண்ணு வரும். அதுல சேர்றவங்களுக்கு நெட் மட்டும் கிடைக்கும், உங்க லேப்டாப், பிரிண்டர், ரவுட்டர் பக்கம் எதுவும் தெரியாது. பாஸ்வேர்டு கேட்டு வர்றவங்களை இல்லன்னு சொல்ல நமக்கு மனசு வராது, சொல்லவும் வேண்டாம். இதைக் கொடுங்க. மெயின் பாஸ்வேர்டு வீட்டு ஆளுங்க போன்லயும் லேப்டாப்லயும் மட்டும், அதைத் தாண்டி வாய்ல வரவே கூடாது. ஒரு மாசம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கெஸ்ட் பாஸ்வேர்டை மட்டும் மாத்துங்க, வீட்டு ஆளுங்க போனும் லேப்டாப்பும் அறுபடாது, பழசு எத்தனை பேர் கைக்குப் போயிருந்தாலும் அன்னையோட செல்லாது. சில ரவுட்டர்ல கெஸ்டுக்கு ஸ்பீடு வரம்பும் நேர வரம்பும் வைக்கலாம், வச்சுக்கோங்க.

ஆனா ஆன் பண்ணிட்டு அப்படியே நம்பிடாதீங்க, சோதிச்சுப் பாருங்க. உங்க போனை கெஸ்ட் வைஃபைல சேருங்க, மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணுங்க, பிரவுசர்ல ரவுட்டர் முகவரியை அடிங்க. லாகின் பக்கம் திறந்துச்சுன்னா பிரிப்பு சரியா நடக்கல. கெஸ்ட் பக்கத்துலயே ஐசொலேஷன் இல்லன்னா லோக்கல் நெட்வொர்க்கை பார்க்க அனுமதின்னு ஒரு டிக் இருக்கும், அதை சரி பண்ணிட்டு திரும்ப பாருங்க. எங்க ரவுட்டர்ல அந்த அனுமதி டிக் ஆன்லயே வந்திருந்துச்சு, சோதிக்காம விட்டிருந்தா கெஸ்ட்னு பேர் மட்டும் தான், மாடி வீட்டுப் போன்ல எங்க பிரிண்டர் தெரிஞ்சிருக்கும்.

ஸ்மார்ட் பல்பு, கேமரா, எடை மெஷின் மாதிரி அப்டேட்டே வராத சாமான்களையும் கெஸ்ட்ல தள்ளிடுங்க. அதுல நிறைய 2.4 கிகாஹெர்ட்ஸ்ல மட்டும் தான் வேலை செய்யும், டபிள்யூபிஏ3யும் புரியாது, அதுங்களுக்காக மெயின் நெட்வொர்க்கோட பாதுகாப்பை குறைக்க வேண்டியது இல்லாம போகும். கெஸ்ட் பாஸ்வேர்டை மாத்துற அன்னைக்கு மட்டும் இதுங்களுக்கும் புதுசைப் போடணும். டிவியை மட்டும் யோசிச்சு வைங்க, டிவி கெஸ்ட்லயும் போன் மெயின்லயும் இருந்தா போன்ல இருந்து டிவிக்கு காஸ்ட் பண்ண முடியாது.

ரெண்டாவது பெட்டியை மறந்துடாதீங்க. இதுல தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. நெட் கம்பெனி கொடுத்த ஃபைபர் பாக்ஸ் ஒண்ணு, அது பத்தலன்னு நீங்க வாங்கி அதோட சொருகின ரவுட்டர் ஒண்ணுன்னு ரெண்டு இருக்கற வீடுகள் உண்டு. எல்லா வேலையும் புது ரவுட்டர்ல செஞ்சுட்டு பழைய பாக்ஸ்ல வைஃபை ஸ்டிக்கர் பாஸ்வேர்டோட அப்படியே ஓடிட்டு இருக்கும். போன்ல வைஃபை பட்டியலைத் திறந்து வச்சுட்டு அந்த பாக்ஸுக்கு பக்கத்துல போய் நில்லுங்க, முழு சிக்னலோட ஒரு தெரியாத பேர் காட்டுச்சுன்னா அது உங்களோடது தான். அதோட செட்டிங்ஸ்ல போய் வைஃபையை ஆஃப் பண்ணுங்க, அட்மின் பாஸ்வேர்டையும் மாத்துங்க. மாடிக்கு சிக்னல் வரலன்னு வாங்கின எக்ஸ்டெண்டரும் இதே மாதிரி தான், சிலது தனக்குன்னு ஒரு பேரும் பாஸ்வேர்டும் வச்சிருக்கும், அதுக்கு தனி லாகினும் இருக்கும்.

ஃபர்ம்வேர் அப்டேட், அதாவது ரவுட்டருக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர். 2017 அக்டோபர்ல கிராக்னு ஒரு ஓட்டையை பெல்ஜியம் கேயூ லூவன் பல்கலைக்கழகத்துல இருந்த மாத்தி வான்ஹூஃப்னு ஒரு ஆராய்ச்சியாளர் வெளியிட்டார், டபிள்யூபிஏ2வோட அந்த ஹேண்ட்ஷேக்லயே கோளாறு, பாஸ்வேர்டு மாத்தி பிரயோஜனம் இல்ல, அப்டேட் போட்டா தான் சரியாகும், போன் லேப்டாப்புக்கும் சேர்த்து. அடுத்த வருஷம் மே மாசம் விபிஎன்ஃபில்டர்னு ஒரு மால்வேர் 54 நாட்டுல குறைஞ்சது அஞ்சு லட்சம் டிவைஸைப் பிடிச்சுது, பெரும்பாலும் வீட்டு ரவுட்டர் தான், அமெரிக்காவோட எஃப்பிஐ எல்லாரையும் ரவுட்டரை ரீபூட் பண்ணச் சொல்லி அறிவிப்பு விட்டாங்க. ஆட்டோ அப்டேட் இருந்தா ஆன் பண்ணுங்க, இல்லன்னா காலண்டர்ல குறிச்சு வச்சு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க. கம்பெனி அந்த மாடலுக்கு அப்டேட் நிறுத்தி வருஷக் கணக்கா ஆச்சுன்னா, நல்லா ஓடினாலும் மாத்திடுறது தான் நல்லது.

ரவுட்டர் பக்கத்தை மூடுறதுக்கு முன்னாடி ரெண்டு இடம் பார்த்துடுங்க. யூபிஎன்பின்னு இருக்கறதை ஆஃப் பண்ணுங்க, வீட்டுக்குள்ள இருக்கற எந்த டிவைஸும் உங்களைக் கேட்காம வெளியில இருந்து உள்ள வர வழி திறக்கறதுக்கு அது அனுமதி கொடுக்குது, கேம் கன்சோல்ல ஏதாவது பிரச்சனை வந்தா மட்டும் திரும்ப யோசிக்கலாம். இன்னொண்ணு டிஎன்எஸ். நீங்க பேங்க் பேரை அடிச்சா அது எந்த முகவரின்னு சொல்ற இடம் அது, அதை மாத்திட்டா நீங்க சரியா அடிச்சாலும் போலி சைட்டுக்கு அனுப்பலாம். டிஎன்எஸ்சேஞ்சர்னு ஒரு மால்வேர் இதையே தான் பண்ணுச்சு, டீஃபால்ட் பாஸ்வேர்டுல இருந்த ரவுட்டரையும் விடல, 2011ல அந்தக் கும்பலைப் பிடிக்கறதுக்குள்ள 40 லட்சம் கம்ப்யூட்டர் வரைக்கும் மாட்டியிருந்துச்சு. அங்க ஆட்டோன்னு இருக்கணும், இல்லன்னா நீங்களே போட்ட நம்பர் இருக்கணும். நீங்க போடாத நம்பர் ஏதாவது இருந்தா ரவுட்டரை ரீசெட் பண்ணி முதல்ல இருந்து எல்லாம் செய்யுங்க.

பழைய போனை விக்கும்போது, ரவுட்டரை யாருக்காவது கொடுக்கும்போது ரெண்டையும் முழுசா ரீசெட் பண்ணிட்டுக் கொடுங்க, ரெண்டுலயும் உங்க பாஸ்வேர்டு உள்ள தான் இருக்கு.

நான் எல்லாத்தையும் மாத்தி முடிச்ச அன்னைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு பட்டியலைத் திறந்தேன், 11 இருந்துச்சு, முதல்ல எண்ணின 9ம், மறந்து போயிருந்த அந்த எடை மெஷினும் டேப்லெட்டும். மறுநாள் காலைல மாடி வீட்டுத் தம்பி கீழ வந்து, அண்ணா வைஃபை வேலை செய்யலயேன்னு கேட்டான், அவங்க லைன் சரியாகி மாசக்கணக்காச்சு, அவன் போன் பழக்கத்துல எங்க வைஃபையையே பிடிச்சுட்டு இருந்திருக்கு, அவனுக்கே தெரியல. அவன் போனை வாங்கி அவங்க வைஃபைல சேர்த்து விட்டு, எங்க பழைய பேரை ஃபர்கெட் கொடுத்துட்டு, அப்படியே அவங்க ரவுட்டர் பக்கத்தையும் திறந்து பார்த்தோம். அட்மின், அட்மின். ரெண்டு பேரும் உட்கார்ந்து அதையும் மாத்தினோம், புது பாஸ்வேர்டுக்கு அவனோட பாடப் புத்தகத்தைத் தான் திறந்து வார்த்தை எடுத்தான்.